குளிர்ந்த கடல் வேண்டுமென்றால்: ஆடியில் குளச்சலா, மார்கழியில் பழவேற்காடா?

மார்கழி விடியலில் கடல் சில்லென்றிருக்கும் என்று நம்பிக் குளச்சலில் இறங்கினால், தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் படும். குமரி மாவட்டத்தில் நீரோடி முதல் முட்டம் வரையுள்ள மேற்குக் கரையில் டிசம்பர், ஜனவரியில் கடல்நீர் 28 டிகிரி பக்கம் இருக்கும். விடியற்காற்று அதைவிடக் குளிர்ச்சி என்பதால், கரையேறி நிற்கும்போதுதான் நடுங்கும். அதே கரையில் ஆடி மாதம் தண்ணீர் 25 வரை இறங்கிவிடும். ஆந்திர எல்லையில், பழவேற்காட்டில், இது அப்படியே மாறும். அங்கே மார்கழி, தையில்தான் கடல் குளிரும், ஏறக்குறைய 26 டிகிரிக்கு.

இரண்டு குளிருக்கும் காரணம் வேறு. மேற்குக் கரையில் கடலைக் குளிரவைப்பது மழையல்ல, காற்று. தென்மேற்குப் பருவத்தில் கேரளக் கரையை ஒட்டி வடமேற்கிலிருந்து காற்று இடைவிடாமல் வீசுகிறது. பூமி சுழல்வதால் வடகோளத்தில் மேல்மட்ட நீர் மொத்தத்தில் காற்றுக்கு வலப்புறமாக நகரும். இங்கே வலப்புறம் என்பது ஆழ்கடல் பக்கம். வெயிலில் காய்ந்த மேல்நீர் கரையைவிட்டு விலக, அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. சத்து நிறைந்த, ஆக்சிஜன் குறைந்த நீர் அது. அந்தச் சத்தில் நுண்பாசி பெருகி, தண்ணீர் பச்சை பாயும். சாளை, அயிலை மீன்கள் கரையை நெருங்குவது இதனால்தான். தெற்கே குமரி, கொல்லம் பக்கம் தொடங்கி இது வடக்கே பரவும், செப்டம்பருக்குப் பிறகு மெல்ல அடங்கும்.

குளிர் ஏறிவரும் முதல் நாட்களில் அதை உடம்பாலேயே அறியலாம். மார்பளவு தண்ணீரில் அசையாமல் நின்றால் இடுப்புவரை இதமாக இருக்கும், கால்விரல்கள் மட்டும் விறைக்கும். காற்று பலத்து இரண்டும் கலந்துவிட்டால் அந்த வேறுபாடு மறையும்.

பழவேற்காட்டில் நடப்பது நேர்மாறு. வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து கரையை ஒட்டித் தெற்கே வீசும்போது அதன் வலப்புறம் கரைதான். மேல்நீர் கரையில் வந்து குவியுமே தவிர, ஆழத்து நீர் ஏறாது. பிறகு ஏன் குளிர்கிறது? வடக்கிலிருந்து வரும் உலர்ந்த காற்று நீரை ஆவியாக்கி வெப்பத்தைப் பறிக்கிறது, வெயிலும் குறைவு. கங்கை, கோதாவரி, கிருஷ்ணா கொட்டிய ஆற்றுநீர் கலந்த நீரோட்டமும் அப்போது தெற்கே வருவதால் உப்பு குறைந்து, கலங்கியும் இருக்கும். உப்பு குறைந்த நீரில் உடம்பு சற்றே கூடுதலாகத் தாழும்.

காலண்டரை நம்பி ஏமாறுவது இங்கே மட்டுமல்ல. கேப் டவுனின் அட்லாண்டிக் பக்கக் கடல் கோடையில்தான் அதிகம் குளிரும். அங்கேயும் கோடைத் தென்கிழக்குக் காற்று மேல்நீரை விலக்க ஆழத்து நீர் ஏறுகிறது. தென்கோளம் என்பதால் நீர் நகர்வது இடப்புறம், அவ்வளவுதான் வித்தியாசம்.

25 டிகிரி தண்ணீருக்கு வெட்சூட் (உடல்சூட்டைக் காக்கும் ரப்பர் உடை) வேண்டாம். திறந்தவெளி நீச்சல் போட்டிகளிலேயே 20 டிகிரியும் அதற்கு மேலும் இருந்தால் அதற்கு அனுமதியில்லை. ஆனாலும் நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஒல்லியானவர்களும் சிறுவர்களும் முக்கால் மணி நேரத்தில் நடுங்கத் தொடங்கலாம். விரல்களைச் சேர்த்துப் பிடிக்க வராமல் போனால், கைவீச்சு தளர்ந்தால், உடனே கரையேற வேண்டும். ஏறிய பிறகும் பத்து முதல் முப்பது நிமிடம் உடம்பின் உட்சூடு இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். முதலில் தலையையும் மேலுடம்பையும் துவட்டி, உலர்ந்த துணி மாற்றி, காற்றுப்படாத இடத்தில் உட்கார்ந்து சூடாகக் கருப்பட்டிக் காப்பி குடிக்கலாம். உடனே வெந்நீரில் குளிக்கக் கூடாது.

குளிரை மட்டும் பார்த்தால் ஆடிக் குளச்சலுக்கே முதலிடம். ஆனால் அந்தக் குளிரைக் கொண்டுவரும் காற்றுதான் 3 மீட்டர் அலையையும் எழுப்புகிறது. தூண்டில் வளைவுகளின் (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல்தடுப்புகளின்) ஓரமாகக் கல்லை ஒட்டியே நீர் கடலுக்குள் இழுத்துக்கொண்டு ஓடும். அமைதியாகத் தெரிகிற அந்த ஓரம்தான் ஆளைக் கொண்டுபோகும் இடம். சிக்கினால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கல்லுக்கு எதிர்ப்பக்கமாகக் கரைக்கு இணையாக நீந்தி வெளியேறிப் பிறகு திரும்ப வேண்டும். ஜூன், ஜூலையில் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் உதவிக்கு விசைப்படகுகளும் கடலில் இருக்காது. அந்த இரண்டு மாதமும் அங்கே நீந்த வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

பழவேற்காட்டிலும் மார்கழியைவிடத் தையே நல்லது. டிசம்பர்வரை புயல் பயம் உண்டு, தையில் காற்று தணியும், தண்ணீர் இன்னும் குளிர்ந்தே கிடக்கும். முகத்துவாரத்திலிருந்து ஒரு கிலோமீட்டராவது தள்ளி இறங்குங்கள். வற்றத்தின்போது (கடல் உள்வாங்கும்போது) பழவேற்காட்டு ஏரிநீர் அந்த வாய் வழியாகத்தான் கடலுக்குப் பாய்கிறது.

மேற்கே நாங்கள் தேர்ந்தெடுப்பது ஆவணிக் கடைசியும் புரட்டாசி முதல் வாரங்களும். காற்று தளர்ந்திருக்கும், ஏறிவந்த குளிர்நீர் முழுதும் விலகியிருக்காது. சொறி (ஜெல்லிமீன்) மிதக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண வெப்பமானியை ஒரு பாட்டிலில் கட்டி, இடுப்பளவு நீரில் மூன்று நிமிடம் அமிழ்த்திப் படியுங்கள். கணுக்கால் நீரில் அளந்தால் மணலின் சூடு சேர்ந்து தவறாகக் காட்டும். 27க்குக் கீழே இருந்து, அலை இடுப்புயரத்தைத் தாண்டாமலும் இருந்தால் தயங்காமல் இறங்கலாம். கள்ளக்கடல் (திடீரென எழும் பேரலை) எச்சரிக்கை வந்திருந்தால் கடல் எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் இறங்க வேண்டாம். தொலைவிலிருந்து வரும் அந்த அலைக்கு இங்கே காற்று வீச வேண்டியதே இல்லை.