பாண்காரன் வரவில்லை, லைட் சார்ஜ் ஆகிவிட்டது

போன கிழமை நண்பன் ஒருவன் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். நான் 2022இல் வாங்கிய அதே சோலர் லைட். விலையைப் பாதியாகக் குறைத்துப் போட்டிருக்கிறார்கள். "மச்சான், உன்னட்ட இருக்கிறதுதானே, வாங்கலாமோ?" ஓம், இல்லை என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டுப் படுத்திருக்கலாம். இரண்டையும் மாறி மாறி எழுதி அழித்ததில் பாதி ராத்திரி போனதுதான் மிச்சம். ஆகவே விலாவாரியாகவே சொல்லிவிடுகிறேன்.

அது 2022 மார்ச் கடைசி. ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் கரண்ட் கட். டொலர் இருநூறிலிருந்து முந்நூறுக்கு ஏறிக்கொண்டிருந்ததால் காலையில் கேட்ட விலை பின்னேரம் இருக்காது. கொழும்பு வெள்ளவத்தையில் மெழுகுதிரிகூட முடிந்துபோயிருந்த ஒரு நாளில், காலி வீதிக் கடை ஒன்றில் 6,500 ரூபா கொடுத்து இதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பெட்டியில் ஒரு கிரிக்கெட் வீரரின் சிரிப்பு. அதற்குக் கீழே மூன்று மொழியிலும், 'ஒன்று உங்களுக்கு, ஒன்று ஒரு பிள்ளைக்கு'. தமிழில் மட்டும் 'பிள்லைக்கு'. பக்கத்தில் 'நம் நாட்டுக் கண்டுபிடிப்பு' என்று தங்க நிற முத்திரை வேறு.

கெட்டிக்காரத்தனமான விளம்பரம்தான், ஒத்துக்கொள்கிறேன். இருட்டுக்குப் பயந்து போனவனிடம் வெளிச்சத்தோடு புண்ணியத்தையும் ஒரே பையில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். இந்த யோசனை அவர்களுடையதும் இல்லை. அமெரிக்காவில் டொம்ஸ் என்ற சப்பாத்துக் கம்பனி 2006இலேயே, ஒரு சோடி வாங்கினால் ஒரு சோடி தானம் என்று தொடங்கியது. இலவசச் சப்பாத்து வந்திறங்கினால் அந்த ஊர்ச் சப்பாத்துக் கடைக்காரன் என்ன செய்வான் என்று கேள்விகள் வந்தன. 2021இல் அவர்களே அந்தக் கணக்கை விட்டுவிட்டு, இலாபத்தில் மூன்றில் ஒரு பங்கு கொடுக்கிறோம் என்று மாறினார்கள்.

லைட் எப்படி? அருமை. இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிறு பகலில், பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் குரங்கு புகுந்ததாகச் சொல்லி நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அன்றைக்கும் எங்கள் வீட்டில் இதுதான் தயாராக நின்றது. ஊரே குரங்கை வைத்து மீம் போட்டுக்கொண்டிருக்க, அம்மா இந்த வெளிச்சத்தில் குசினிக்குள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தா.

என் பிரச்சினை பாட்டு.

பற்றரி நிரம்பினால் இந்த லைட் பாடும். வேறு எதுவும் கிடைக்காத மாதிரி, பெத்தோவனின் 'ஃபியூர் எலிசே'. அந்த மனிதர் 1810இல் எழுதி, செத்து நாற்பது வருசம் போய் 1867இல்தான் அச்சேறிய அந்தச் சின்னத் துண்டு, மலிவான சத்தச் சிப் எல்லாவற்றிலும் ஏறி உலகம் சுற்றுகிறது. வேறு நாட்டில் அது பியானோ வகுப்பு ஞாபகம். இலங்கையில் அது பாண். பாட்டுப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் பாணும் பனிஸும் விற்கிற சூன் பாண் ஓட்டோ தெருமுனையில் திரும்பும்போது கேட்கிற அதே டிங் டிங் டிங் டிங். நம் நாட்டுக் கண்டுபிடிப்பு என்று முத்திரை குத்தியவர்களில் ஒருவர்கூடவா வாழ்க்கையில் மீன் வைத்த மாலு பாண் வாங்கித் தின்னவில்லை?

எங்கள் பல்கனி கடல் பக்கம். மத்தியானத்துக்குப் பிறகுதான் வெயில் விழும். ஆகவே லைட் நிரம்புவது நாலு, நாலேகால். பாண்காரன் வருவதும் அதே நேரம். சத்தத்தைக் குறைக்க வழி கிடையாது. ஓடிப்போய்ப் பொத்தானை அமத்தும்வரை விடாமல் பாடும். முதல் கிழமையிலேயே கீழ்வீட்டு அன்ரி மூன்று தடவை பேர்ஸோடு கேற்றடிக்கு இறங்கிவிட்டா. மூன்றாம் நாள் மேலே அண்ணாந்து பார்த்து, "தம்பி, பாண்காரன் சத்தம் மட்டும் கேக்குது, ஆளைக் காணேல்லையே" என்றா. நான் பல்லிக்குட்டி மாதிரிச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

அதைவிட மோசம் அடுத்த கட்டம். உண்மையான பாண்காரன் வந்தாலும் ஒருத்தரும் அசைவதில்லை. "உன்ர லைட்டெண்டு நினைச்சிட்டன்" என்று அம்மா சொல்லச் சொல்லக் கிம்புலா பனிஸ் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. மூன்று வருசம் இப்படி.

அந்தப் 'பிள்லை' விசயமும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் ஒரு அட்டை, அதில் ஒரு கியூஆர் கோட். ஸ்கேன் பண்ணினால், உங்கள் விளக்கின் சோடி இவரிடம் இருக்கிறது என்று இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமியின் படம். மனசு கொஞ்சம் இளகியது உண்மை. பிறகு கந்தோரில் இன்னொருவர் தன்னுடைய அட்டையைக் காட்டினார். அதே சிறுமி, அதே பின்னல். கம்பனிக்கு மெயில் போட்டேன். 'உங்கள் அன்புக்கு நன்றி' என்று தானாகப் போகிற பதில் ஒன்று வந்தது. அன்றைக்கு இவர்களைப் பற்றி நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

சொன்னதில் கொஞ்சத்தைத் திருப்பி எடுக்கவும் வேண்டி வந்தது. சித்தப்பாவின் மகள் அட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறாள். பொங்கலுக்கு வந்தவள் பல்கனியில் இதைக் கண்டு, "ஐயோ அண்ணா, இது எங்கட பள்ளிக்கூடத்துக்கும் வந்தது" என்றாள். நாற்பது பெட்டி வந்ததாம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் கரண்ட் இருக்கிறது, ஆனால் கக்கூஸ் வெளியே. ராத்திரியில் பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொண்டுதான் போகிறார்கள். இந்த வெளிச்சத்தில் படித்தது எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது, விழாமல் நடக்கிறார்கள்.

"அப்ப அந்தப் பாட்டு?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். எட்டாம் வகுப்புப் பெடியன் ஒருவன் முதல் நாளே ஸ்குரூவைக் கழற்றி, சிவப்பு வயரை வெட்டி, வகுப்பு முழுக்க எல்லாருடையதையும் ஊமையாக்கிவிட்டானாம். என்னிடம் இருந்தது மூன்று வருசம், ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு பட்டம்.

போன மாதம் லைட் ஒரேயடியாக நின்றது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்கார நானா கழற்றினார். உப்புக் காற்றில் ஸ்விட்ச் கறள் பிடித்திருந்தது. உள்ளே இருந்தது 18650 பற்றரி, 18 மில்லிமீற்றர் குறுக்கு, 65 நீளம், எங்கேயும் கிடைக்கிற சாமான். பழையதைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "சர்க்கிட் நல்லா செஞ்சிருக்காங்க தம்பி, பற்றரியில காசப் புடிச்சிட்டாங்க" என்றார். புதியதைப் போட்டுச் சோதித்தபோது கடைக்குள் பாட்டு எழும்பியது. பக்கத்துக் கடைப் பெடியன் எட்டிப் பார்த்து, "நானா, பாண் வந்திருக்கா?" என்றான். சிவப்பு வயரை அங்கேயே வெட்டுவித்தேன். எல்லாமாக 1,400 ரூபா.

இப்போது வீடு அமைதி. நாலு மணிக்குப் பாட்டுக் கேட்டால் அது பாண்தான். அன்ரி இன்னமும் நம்புவதாயில்லை, முதலில் எங்கள் பல்கனியைப் பார்த்துவிட்டுத்தான் படி இறங்குகிறா.

நண்பனுக்குக் கடைசியில் இப்படி அனுப்பினேன்: "நல்ல லைட். வாங்காதை. விலை குறையிறது பழைய சரக்கெண்டபடியாத்தான் இருக்கும், பெட்டிக்குள்ள கிடந்தாலும் பற்றரி கிழடாகும். அதோட அந்தப் பாட்டு."

பத்து நிமிசத்தில் பதில் வந்தது. "ரெண்டு ஓடர் போட்டிட்டன். எந்த வயர் எண்டு படம் எடுத்து அனுப்பு."