18,400 ரூபாய் போய்விட்டது: ஆர்கேட் பேனல் செய்ய பார்ட்ஸ் தேடுபவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்

நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு, எனக்குப் பார்ட்ஸ் விற்ற ஆள் என் எண்ணை ப்ளாக் செய்துவிட்டார். அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை. சூடு ஆறினால் நானே "சரி, தொலையட்டும்" என்று விட்டுவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன். 18,400 ரூபாய். மூன்று மாதம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்த பணம்.

எதற்காக என்று முதலில் சொல்கிறேன். தொண்ணூறுகளில் பெரம்பூரில் எங்கள் தெரு முனையில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. பள்ளி விட்டதும் நானும் அண்ணனும் பையைக்கூடக் கழற்றாமல் அங்கேதான் நிற்போம். கேப்காம் 1993-இல் வெளியிட்ட 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்' விளையாட்டை எங்கள் பக்கம் யாரும் அந்தப் பெயரில் சொன்னதில்லை, எல்லோருக்கும் அது "முஸ்தபா கேம்"தான். அதில் வருகிற ஆட்களில் முஸ்தபா எப்போதும் அண்ணனுக்கு. மிச்சம் இருக்கிற ஆட்களில் ஒருவர் எனக்கு. அண்ணன் இப்போது மஸ்கட்டில் வேலை செய்கிறான். இந்தச் சனிக்கிழமை பதினைந்து நாள் லீவில் வருகிறான். அவன் வருவதற்குள் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடுகிற மாதிரி ஒரு ஆர்கேட் பேனல், அதாவது அந்தக் கடை மெஷினில் இருப்பது போல ஸ்டிக்கும் பொத்தானும் மாட்டின பலகை செய்து, பழைய கம்ப்யூட்டரில் மாட்டி வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

பலகை வேலையில் ஒரு குறையும் இல்லை. தெரிந்த ஆசாரி ஒருவர் 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் அறுத்துக் கொடுத்தார். ஆளுக்கு எட்டுப் பொத்தான் என்று 30 மில்லிமீட்டரில் பதினாறு துளை, ஸ்டார்ட்டுக்கும் காயினுக்கும் 24 மில்லிமீட்டரில் நாலு. ஸ்டிக் உட்காரும் இடத்தில் மட்டும் அடியிலிருந்து குடைந்து மெல்லிசாக்கினார், இல்லாவிட்டால் தண்டு மேலே போதுமான உயரத்துக்கு வராது. "தம்பி, ஓட்டை போட்டாச்சுன்னா திரும்ப அடைக்க முடியாது, அளவை நல்லா பாத்துக்கோங்க" என்று இரண்டு முறை கேட்டுத்தான் துளை போடுகிற ஹோல் சாவை வைத்தார்.

பார்ட்ஸ் வாங்கின இடத்தில்தான் ஏமாந்தேன்.

சமூக வலைத்தளத்தில் பக்கம் வைத்து ஆர்கேட் பார்ட்ஸ் விற்கிற ஒரு சின்னக் கடை அது. சென்னையிலேயே குடோன் இருக்கிறது என்று போட்டிருந்தார்கள். அதே கடை பெரிய ஷாப்பிங் தளம் ஒன்றிலும் பட்டியலில் இருந்தது. போன் செய்தேன். எடுத்தவர் கேட்ட முதல் கேள்வி: "ப்ரோ, பேனல் எத்தனை எம்.எம்.? ப்ளைவுட்டா, மெட்டலா?"

அந்த ஒரு கேள்வியில்தான் நான் விழுந்தேன். பொத்தான்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மேலிருந்து அழுத்தினால் இரண்டு பக்கமும் காது விரிந்து 'க்ளிக்' என்று உட்காரும் ஸ்னாப் இன் வகை. சில மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டுக்குத்தான் அது சரிப்படும். இன்னொன்று நீளமான உடம்போடு, அடியில் நட் போட்டு முறுக்குகிற வகை. தடித்த பலகைக்கு இதுதான் வேண்டும். இதெல்லாம் தெரியாத ஆள் பலகையின் கனத்தைக் கேட்கவே மாட்டான். நான் 18 என்றதும், "அப்போ ஸ்னாப் இன் வேலைக்கு ஆகாது ப்ரோ, நட் டைப் அனுப்புறேன்" என்றார். விஷயம் தெரிந்தவர், நம் ஆள் என்று நினைத்தேன். ஸ்டிக் எது என்று கேட்டதற்கு, ஜப்பானின் சன்வா கம்பெனியின் ஜே.எல்.எஃப். மாடல், ஒரிஜினல் என்றார். ஸ்டிக்கை ஆட்டி, சுவிட்ச் சத்தத்தைக் காதில் வைத்துக் கேட்கிற மாதிரி ஒரு வீடியோவும் அனுப்பினார். அது யாருடைய ஸ்டிக்கோ, இப்போது யோசிக்கிறேன்.

இரண்டு ஸ்டிக், இருபது பொத்தான், ஸ்டிக்கையும் பொத்தானையும் கம்ப்யூட்டரோடு இணைக்கிற யு.எஸ்.பி. போர்டு இரண்டு, வயர் செட். ஷாப்பிங் தளத்தில் 20,000. "அதுல கமிஷன் போகுது ப்ரோ. நேரா யு.பி.ஐ.ல போட்டா 18,400-க்கு முடிச்சுடலாம்." போட்டேன். பில் கேட்டேன், பார்சலுக்குள் வைப்பதாகச் சொன்னார். 1,600 ரூபாய் மிச்சம் என்று அன்றைக்கு வீட்டில் சந்தோஷமாகச் சொன்னேன்.

பார்சல் ஒன்பது நாள் கழித்து வந்தது. பில் இல்லை. பிரிக்கும்போது வீடியோ எடுத்தேன், நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.

பொத்தான் இருபதும் ஸ்னாப் இன். நட் என்று ஒன்றுகூட இல்லை. துளை அளவு ஒன்றே என்பதால் உள்ளே போகிறது, ஆனால் பலகைக்கு அடியில் விரிய வேண்டிய காது பலகைக்குள்ளேயே மடங்கி நிற்கிறது. வேகமாக நாலு தட்டு தட்டினால் பொத்தான் மேலே எழும்பி வந்துவிடுகிறது. எத்தனை எம்.எம். என்று வாய்நிறையக் கேட்டவர் அனுப்பின சரக்கு இது!

ஸ்டிக்கின் உடம்பில் சன்வா என்ற எழுத்தே கிடையாது, பெட்டியின் மேல் மட்டும் ஒரு ஸ்டிக்கர். சரி, வேலை செய்தால் போதும் என்று மாட்டிப் பார்த்தேன். ஸ்டிக்குக்குள் திசைக்கு ஒன்றாக நாலு மைக்ரோ சுவிட்ச் இருக்கும். மூலைக்குத் தள்ளினால் பக்கத்துப் பக்கத்து சுவிட்ச் இரண்டும் சேர்ந்து விழ வேண்டும். இதில் கீழ்-வலது மூலைக்குத் தள்ளினால் கீழ் மட்டும்தான் பதிவாகிறது. சண்டை விளையாட்டு ஆடியவர்களுக்குத் தெரியும், கீழே, மூலை, முன்னே, குத்து என்று போட்டால்தான் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' விளையாட்டில் கையிலிருந்து பந்து வீசுகிற ஹடோகென் வரும். மூலை இல்லாவிட்டால் அது வராது. வலது பக்கம் பார்த்து நின்றால் இந்த ஸ்டிக்கில் எத்தனை மணி நேரம் ஆட்டினாலும் வராது.

வயர் நுனியில் இருந்த லக், அதாவது பொத்தானின் காலில் சொருகுகிற உலோக முனை, 4.8 மில்லிமீட்டர். வயர் சேர வேண்டிய அந்தக் காலோ 2.8 மில்லிமீட்டர். மாட்டினால் தொளதொளவென்று கழன்று விழுகிறது. இதைச் சொன்னபோது "ப்ளையர் வச்சு நசுக்கிக்கோங்க ப்ரோ" என்றார். அப்படி நசுக்கி மாட்டினால் இரண்டு நாளில் லூஸாகி, ஆட்டத்தின் நடுவில் ஒரு பொத்தான் செத்துப் போகும். எந்தப் பொத்தான் என்று பேனலைத் திருப்பிப் போட்டுத் தேட வேண்டும்.

இரண்டு போர்டில் ஒன்றை வெறுமனே, ஒரு வயர்கூட மாட்டாமல் கம்ப்யூட்டரில் சொருகினேன். விளக்கு எரியவில்லை, கம்ப்யூட்டருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கேபிளை மாற்றினேன், கம்ப்யூட்டரில் வேறு யு.எஸ்.பி. போர்ட்டில் சொருகினேன். செத்த போர்டு. அதுவும் வீடியோவில் இருக்கிறது.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. முதல் நாள், "செக் பண்ணிச் சொல்றேன் ப்ரோ." மூன்றாம் நாள், குடோனில் ஆள் இல்லை. ஐந்தாம் நாள், வீடியோ தெளிவாக இல்லை, மறுபடி எடுத்து அனுப்புங்கள். மறுபடி எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று நீல டிக் காட்டியது, பதில் இல்லை. எட்டாம் நாளில் 'ப்ரோ' போய் 'சார்' வந்தது: "சார், நீங்க தப்பா வயரிங் பண்ணி போர்டை எரிச்சுட்டீங்க. பிரிச்ச பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது."

நானா எரித்தேன்? பொத்தான் என்பது வெறும் சுவிட்ச். போர்டிலிருந்து வருகிற சிக்னல் வயரையும் கிரவுண்டையும் சேர்த்து வைப்பது மட்டும்தான் அதன் வேலை. மூன்று கால் உள்ள மைக்ரோ சுவிட்சில் காம் (பொதுவான கால்), என்.ஓ. (அழுத்தினால் சேர்வது) என்ற இரண்டில் மாட்ட வேண்டும். தவறிப்போய் என்.சி.யில் (அழுத்தாதபோதே சேர்ந்திருப்பது) மாட்டினால், அழுத்தாமலே அழுத்தின மாதிரி காட்டும். போர்டு எரியாது. அதோடு, நான்தான் வயரே மாட்டவில்லையே! தெரியாதவன் என்று நினைத்து என் தலையிலேயே பழியைப் போடுகிறார்.

சந்தேகம் தீரட்டும் என்று எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு அண்ணா சாலையை ஒட்டின ரிச்சி தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு கடையில் வயதான ஒருவர், என்னிடம் ஒரு பைசா வாங்காமல், மல்டிமீட்டரை, இணைப்பு சேர்ந்தால் பீப் என்று கத்துகிற மாதிரி வைத்து, ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்தார். இருபதில் மூன்று பொத்தான் அழுத்தினாலும் பீப் இல்லை. "இது எங்கேயோ கழற்றின மால் மாதிரி இருக்கு தம்பி" என்று காலில் ஒட்டியிருந்த பழைய ஈயத்தைக் காட்டினார். ஒரிஜினல் விலை கொடுத்து யாரோ கழற்றிப் போட்டதை வாங்கியிருக்கிறேன். அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, உண்மையாகவே.

அங்கிருந்து நேராக அவர்கள் பக்கத்தில் போட்டிருந்த முகவரிக்குப் போனேன். இரண்டாவது மாடியில் ஓர் அறை. ஒரு பையன் இருந்தான். "ஓனர் ஊர்ல இல்லண்ணா." எப்போது வருவார்? "தெரியாதுண்ணா." அவனைத் திட்டி என்ன பிரயோஜனம், வேலைக்கு நிற்கிற பையன். ஷாப்பிங் தளத்தின் கஸ்டமர் கேரில் நாற்பது நிமிடம் காத்திருந்தேன். "ஆர்டர் எங்கள் வழியாக வரவில்லையே சார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். 1,600 ரூபாய் மிச்சம் பிடித்து 18,400 ரூபாய்க்கு இருந்த பாதுகாப்பை நானே அறுத்துக்கொண்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

நேற்று இரவு கடைசியாக அவரிடமிருந்து வந்த செய்தி: அடுத்த ஆர்டரில் 1,500 தள்ளுபடி தருகிறேன். அடுத்த ஆர்டராம்! எனக்கு என் பணம்தான் வேண்டும் என்று எழுதினேன். ப்ளாக்.

இன்று காலை 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுத்துவிட்டேன். பணம் அனுப்பின ஸ்க்ரீன்ஷாட், பேச்சு முழுவதும், இரண்டு வீடியோ எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். ஆன்லைனில் விற்பவர்கள் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும், புகாரை 48 மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்று 2020-இல் வந்த மின் வணிக விதிகளில் இருக்கிறது. இந்தக் கடையின் பக்கத்தில் அப்படி ஒருவர் பெயரே இல்லை. வாங்குவதற்கு முன்னால் நான் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

பேனல் செய்வது எப்படி என்று படத்தோடு முழுசாக எழுதுகிறேன் என்று நண்பர்கள் சிலரிடம் சொல்லியிருந்தேன். இப்போது அதற்கு மனசில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். பலகையின் கனத்தையும், நட் வகையா ஸ்னாப் இன்னா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள், போனில் சொன்னது செல்லாது. பொத்தானின் கால் 2.8-ஆ 4.8-ஆ என்று கேட்டு அதற்கேற்ற லக் வாங்குங்கள். முதலில் ஒரு ஸ்டிக், ஒரு போர்டு, இரண்டு பொத்தான் மட்டும் வாங்கி மூலையெல்லாம் வேலை செய்கிறதா என்று பாருங்கள், மிச்சத்தை அப்புறம் வாங்கலாம். போர்டை வயர் மாட்டும் முன்னால் வெறுமனே சொருகி வீடியோ எடுங்கள். தளத்துக்கு வெளியே யு.பி.ஐ.யில் போடு என்று சொன்னால் அங்கேயே போனை வையுங்கள்.

அண்ணன் வர இன்னும் நாலு நாள். கூடத்தில் இருபது துளையோடு பலகை சாய்ந்து நிற்கிறது. ரிச்சி தெருப் பெரியவர் நட் வகைப் பொத்தான் ஆறு கிடைக்குமா என்று விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார், ஆளுக்கு மூன்று இருந்தால் முஸ்தபா ஆடிவிடலாம். இன்று சாயங்காலம் புகார் எண்ணை எடுத்துக்கொண்டு மறுபடியும் அந்த இரண்டாவது மாடிக்குப் போகிறேன்.