பனிக்கு ஒரு குளம்: பீரங்கியா, மரத்தூளா?

முல்லைத்தீவிலிருந்து காலையில் மோட்டார் சைக்கிளில் வரும் மீன் வியாபாரியின் ரெஜிபோம் பெட்டியில் இப்போது நொறுக்கிய ஐஸ் இருக்கும். என் சின்ன வயதில் அது கட்டி ஐஸ். சாக்குக்குள் மரத்தூளைக் கொட்டி, நடுவில் கட்டியைப் புதைத்து, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வருவார்கள். மரத்தூள் கிடைக்காவிட்டால் உமி. கல்யாண வீட்டில் சாக்கை அவிழ்த்து, ஒட்டியிருந்த தூளை ஒரு வாளித் தண்ணீரால் கழுவிவிட்டால் கட்டி பளிங்கு மாதிரி நிற்கும். சித்திரை வெயிலில் இருபது மைல் வந்த கட்டி அது.

போன ஆவணியில் மச்சான் வீடியோ அழைப்பில் வந்தபோது அந்தச் சாக்குத்தான் ஞாபகத்துக்கு வந்தது. அவன் சுவிஸில் டாவோஸ் என்ற மலையூரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறான். "இது என்னெண்டு சொல்லு பாப்பம்" என்று ஃபோனைத் திருப்பினான். மரக்காலைக்குப் பின்னால் கிடக்குமே, அதுபோல ஒரு மரத்தூள் குவியல். ஆனால் வீட்டைவிட உயரம். "இதுக்குள்ள போன மாரிக்குச் சேர்த்த சினோ கிடக்கு. ஐப்பசியில கிளறி எடுப்பாங்கள்" என்றான். நான் நம்பவில்லை. அன்றிரவு இருந்து தேடிப் படித்தேன். சறுக்கு விளையாட்டுக்குச் சினோ போதாத இடங்களில் என்னென்ன செய்கிறார்கள், அதில் எது மேல் என்ற இந்த அலசல் அதன் பலன்தான்.

வன்னியில் பனி என்றால் மார்கழி விடியலில் வயல் வரம்பில் காலை நனைக்கிற ஈரம். குழப்பம் வேண்டாம் என்றுதான், குளிர்நாடுகளில் வானத்திலிருந்து வெள்ளையாக விழும் பனியை (snow) வெளிநாட்டில் இருப்பவர்கள் ‘சினோ’ என்று சொல்லிவிடுகிறார்கள் போலும். இனி இங்கே பனி என்று நான் எழுதுவதெல்லாம் அந்தச் சினோதான்.

பனிச்சறுக்குத் தொழிலுக்குப் பனி தட்டுப்பாடு. சுவிஸின் பனியாறுகள் 2022, 2023 என்ற இரண்டே ஆண்டுகளில் தங்கள் கனவளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. ஐரோப்பாவின் 2,234 சறுக்கு மையங்களை வைத்துச் செய்த ஆய்வொன்று 2023இல் வெளியானது. பூமியின் வெப்பம் 2 பாகை கூடினால், இயற்கைப் பனியை மட்டும் நம்பும் மையங்களில் 53 வீதத்துக்கு மிகக் கடுமையான பனித் தட்டுப்பாடு வரும் என்கிறது அது. மையத்தின் பாதிப் பரப்புக்குச் செயற்கைப் பனி போட்டால் அந்த 53 வீதம் 27 ஆகக் குறைகிறது. இந்த இரண்டாவது எண்ணைப் பார்த்துத்தான் முதலாளிமார் பம்ப் வாங்க ஓடுகிறார்கள்.

குளத்துக்குக் கீழே வயல் செய்கிற ஊர்க்காரன் ஒருவன் இதைப் பார்த்தால் மூன்று கேள்வி கேட்பான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? எவ்வளவு எரிபொருள் தின்கிறது? வரத்துக் குறைந்த வருடத்தில் யாருடைய பங்கை வெட்டுவது? நானும் அதே அளவுகோலைத்தான் வைத்துக்கொள்கிறேன்.

முதலில் பீரங்கி. அந்தச் சொல் எங்கள் பக்கம் வேறு நினைவுகளைக் கொண்டுவரும் என்று தெரியும். என்ன செய்வது, ஜெர்மன் மொழியிலும் அதற்குப் பனிப் பீரங்கி என்றுதான் பெயர். 1950 வாக்கில் அமெரிக்காவில் பிறந்த யோசனை. தண்ணீரையும் அழுத்திய காற்றையும் சேர்த்துக் குளிர்ந்த வெளியில் தெளித்தால், துளி நிலத்தில் விழுமுன் உறைந்துவிடும். இதற்கு வெப்பமானி 0 பாகையைக் காட்டினால் போதாது. காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துப் பார்க்கும் ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் மைனஸ் 2க்குக் கீழே இறங்க வேண்டும். குளிர் கூடக் கூட ஒரே அளவு கரண்டில் கூடுதல் பனி விழும். குளிர் போதாத கார்த்திகை இரவில் வலிந்து சுட்டால் கரண்ட் பில்தான் ஏறும்.

தண்ணீர்க் கணக்கை நம்முடைய அலகில் சொல்கிறேன். ஒரு ஹெக்டேயர், அதாவது இரண்டரை ஏக்கர் சரிவுக்கு 30 சென்ரிமீற்றர் பனி போட ஏறத்தாழ 1,000 கன மீற்றர் தண்ணீர் வேண்டும். 10,000 லீற்றர் பவுசரில் 100 பவுசர். ஏக்கர் அடியில், அதாவது ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்க் கணக்கில் பார்த்தால் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு சரிவுக்கு இது பெரிதாகத் தெரியாது. ஆனால் இத்தாலியின் சரிவுகளில் பத்தில் ஒன்பது பங்கும், சுவிஸில் பாதிக்கு மேலும் பீரங்கியை நம்பித்தான் இருக்கின்றன. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் விழுந்து எழும்பிய பனிச்சறுக்கு வீரர்கள் எல்லோரும் ஏறத்தாழ முழுக்க முழுக்க இயந்திரப் பனியில்தான் விழுந்தார்கள். அதுவும் தண்ணீருக்கே பஞ்சமான வறண்ட மலைப்பகுதியில்.

உறைபனிக் காலத்தில் மலை ஓடைகளில் நீர் வரத்து மிகக் குறைவு. பீரங்கிக்குத் தண்ணீர் தேவைப்படுவதும் அதே காலத்தில்தான். ஆகவே மலையில் குளம் வெட்டுகிறார்கள். பிரான்ஸில் லா குளூசா என்ற சறுக்கு ஊரில் 1,48,000 கன மீற்றர் கொள்ளளவில் ஒரு குளம் திட்டமிட்டார்கள். அது நம்முடைய கிளிநொச்சி இரணைமடுக் குளத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்தச் சின்னக் குளத்துக்கே அங்கே பெரிய சண்டை. எதிர்த்தவர்கள் காட்டுக்குள் கொட்டில் போட்டு இருந்தார்கள். 2022 ஒக்டோபரில் நீதிமன்றம் வேலையை இடைநிறுத்தியது. குளத்தில் மூன்றில் ஒரு பங்கு குடிதண்ணீருக்கு என்று ஊர் நிர்வாகம் சொன்னது; மீதி பனிக்கு. இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொடுப்பதா, கிளிநொச்சி வயலுக்கு விடுவதா என்று ஆண்டுக்கணக்காக நடந்த வாக்குவாதத்தைக் கேட்டவர்களுக்கு, ‘குடிதண்ணீர்’ என்ற சொல் ஒரு திட்டத்துக்கு எவ்வளவு பலம் கொடுக்கும் என்று தெரியும்.

சரி, மரத்தூளுக்கு வருவோம்.

டாவோஸில் 2008இலிருந்து செய்கிறார்கள். மாரியில் நல்ல குளிர் விழுந்த நாட்களில் பனியைச் சேர்த்துக் குவித்து, மேலே 40 சென்ரிமீற்றர், அதாவது ஒன்றேகால் அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக மரத்தூள் பரப்புகிறார்கள். அவ்வளவுதான். கோடை முழுக்க அது வெயிலில் கிடக்கும். அந்த ஊரிலேயே பனி, பனிச்சரிவு ஆராய்ச்சிக்கென்று ஒரு நிறுவனம் இருக்கிறது. அவர்கள் டாவோஸ் குவியலையும் இத்தாலியின் மார்ட்டெல் பள்ளத்தாக்கில் உள்ள இன்னொரு குவியலையும் அளந்தார்கள். கோடை முடிய, ஒன்றில் முக்கால் பங்களவும் மற்றதில் மூன்றில் இரண்டு பங்களவும் பனி மிஞ்சியிருந்தது.

ஏன் உருகவில்லை? தூளுக்குள் அடைபட்ட காற்று சூட்டை உள்ளே விடாது என்பது பாதிக் காரணம். மற்றப் பாதிக்கு எங்கள் வீட்டு மண்பானையைப் பார்த்தால் போதும். அடியில் கொஞ்சம் உருகும் நீரைத் தூள் உறிஞ்சி மேலே இழுக்கிறது, மழையும் நனைக்கிறது. அந்த ஈரம் வெயிலில் ஆவியாகும்போது வெப்பத்தைக் கொண்டுபோய்விடுகிறது. இரவில் தூள் குளிர்ந்து மறுநாளுக்குத் தயாராகும். கரண்ட் இல்லை, பம்ப் இல்லை. குவியல் பெரிதாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. சின்னக் குவியலில் பனியின் அளவோடு பார்த்தால் மேற்பரப்பு அதிகம், உருகுவதும் அதிகம். ஐஸ் கட்டியைத் துண்டு துண்டாக உடைத்துச் சாக்கில் போட்டால் என்ன ஆகும் என்று மீன்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஐப்பசி கடைசியில் தூளை வழித்து எடுத்துவிட்டு, பனியை லொறியில் ஏற்றிப் பாதையில் பரப்புவார்கள். சுமார் 4 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒடுக்கமான ஒரு பாதை. மலையிலிருந்து இறங்குவதற்கு அல்ல, சமதரையில் நெடுந்தூரம் சறுக்கி ஓடுகிறவர்களுக்கு. வெளிநாட்டு அணிகள் பயிற்சிக்கு வந்து இறங்கிவிடும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த 4 கிலோமீற்றர்தான். சிறுபோகக் (கோடை நெற்செய்கைக்கான) கூட்டத்தில் என்ன நடக்கும்? குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று முதலில் பார்ப்பார்கள். பிறகுதான் இந்த முறை எத்தனை ஏக்கர் விதைப்பது என்ற பேச்சு. எவ்வளவு கத்தினாலும் நிற்கிற தண்ணீருக்கு மேலே ஏக்கர் கொடுக்க முடியாது. மரத்தூள் குவியலும் அப்படித்தான்: மிஞ்சியது எவ்வளவோ, பாதை அவ்வளவு. பீரங்கி வைத்திருப்பவன் குழாய்க் கிணற்றில் பம்ப் போட்டவன் மாதிரி. அடியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமலே இறைத்துக்கொண்டிருப்பான்.

ஆனால் மரத்தூள் கட்சிக்காரனாக நான் ஒரு விஷயத்தை மறைக்கக்கூடாது. டாவோஸ் குவியலில் உள்ள பனியில் பெரும்பங்கு பீரங்கியில் சுட்டதுதான். கடுங்குளிர் நாளில், குறைந்த கரண்டில் சுட்டுச் சேர்க்கிறார்கள். கார்த்திகையில் அடித்துப் பிடித்துச் சுடுவதைவிட அது மேல். இருந்தாலும் பீரங்கியே வேண்டாம் என்று சொல்கிற முறையல்ல இது. லொறி டீசலும் உண்டு. இன்னொன்று, ஒரு முழு மலைச் சரிவை இப்படி மூடி வைக்க முடியாது. ஒஸ்திரியாவில் கிட்ஸ்பியூல் என்ற ஊரில் சேமித்த பனியைக் கொண்டு ஒக்டோபரிலேயே சரிவைத் திறந்தபோது, பச்சைப் புல்லுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. அந்தப் படத்தைப் பார்த்துப் பலர் திட்டினார்கள். திட்டியதில் நியாயம் உண்டு. அந்த மாதத்தில் சறுக்காவிட்டால் என்ன குடி முழுகிவிடும்?

இதை மச்சானிடம் கேட்டேன். "உனக்குச் சொல்ல லேசு" என்றான். அவன் வேலை சீசன் ஒப்பந்தம். சீசன் ஒரு மாதம் பிந்தினால் அவனுக்கு ஒரு மாதச் சம்பளம் இல்லை. இங்கே தங்கச்சியின் வீட்டு வேலை ஒரு மாதம் நிற்கும். அந்த வீட்டின் கூரைக்கு ஓடு போட்டது போன வருடத்துச் சினோக் காசில்தான். நான் பேச்சை மாற்றினேன்.

மூடி வைப்பதில் இன்னொரு வகை, பனியாற்றின் மேல் வெள்ளைத் துணி விரிப்பது. சுவிஸில் ரோன் பனியாற்றின் குகையைக் காக்க வருடாவருடம் விரிக்கிறார்கள். விரித்த இடத்தில் உருகல் பாதிக்கு மேல் குறைகிறது. ஆனால் செயற்கை இழைத் துணி காற்றில் கிழிந்து நாராகிப் பள்ளத்தாக்கில் பறக்கிறது. மரத்தூள் பறந்தால் மண்ணோடு போகும்.

மற்ற இரண்டு போட்டியாளர்களும் எனக்கு அவ்வளவு நேரம் எடுக்கவில்லை. டுபாயில் ‘மோல் ஒஃப் தி எமிரேட்ஸ்’ என்ற கடைத்தொகுதியில் 2005இல் திறந்த பனி மண்டபம் 22,500 சதுர மீற்றர், அதாவது ஐந்தரை ஏக்கர். வெளியே 40 பாகை கொதிக்க உள்ளே எப்போதும் மைனஸில் வைத்திருக்க வேண்டும். ஐந்தரை ஏக்கருக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்ப் பொடியன்கள் அங்கே வேலைக்குப் போய் அதன் கண்ணாடிக்கு வெளியே நின்று செல்ஃபி எடுத்து அனுப்புவார்கள். படம் வடிவாகத்தான் இருக்கும்.

கோபன்ஹேகனில் குப்பையை எரித்து மின்சாரமும் சூடும் எடுக்கும் ஆலையின் கூரையில் 2019இல் ஒரு சறுக்குச் சரிவு திறந்தார்கள். பனியே கிடையாது; பச்சை நிறப் பிளாஸ்டிக் பாய். வருடம் முழுக்கச் சறுக்கலாம், பனியை உறைய வைக்கும் செலவு இல்லை, நகரத்துப் பிள்ளை சைக்கிளில் போய்வரலாம். விழுந்தால் தோல் உரியும், பாய் தேயத் தேயப் பிளாஸ்டிக் துகள் உதிரும். ஆனாலும் டுபாயோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல்.

அந்தச் சைக்கிளில்தான் முழுக் கதையின் கனமான பகுதி இருக்கிறது. பனிச்சறுக்கு விடுமுறை ஒன்றின் கரிப்புகைக் கணக்கைப் பார்த்தால் பல இடங்களில் பாதிக்கு மேல், ஆட்கள் வந்து போகும் பயணத்திலிருந்துதான் வருகிறது. பீரங்கியும் லிஃப்டும் பனியைச் சமன்படுத்தும் டீசல் வண்டியும் அதற்குப் பிறகுதான். நான் இவ்வளவு நேரம் மரத்தூளைத் தூக்கிப் பிடித்தேன். வெளிநாட்டு அணி விமானத்தில் வந்து இறங்கினால் அந்தத் தூள் மிச்சம் பிடித்தது எங்கே நிற்கும்?

இதில் சுவிஸ்காரருக்கு நல்ல மார்க் போடலாம். செர்மாட் ஊருக்குள் பெற்றோல், டீசல் கார் விடமாட்டார்கள். 5 கிலோமீற்றர் முன்னால் டேஷ் என்ற இடத்தில் காரை விட்டுவிட்டு ரயில் ஏற வேண்டும். டாவோஸுக்கும் மின்சார ரயில் நேரே போகிறது. ஆனாலும் சனிக்கிழமைகளில் ஹோட்டல் கராஜில் இடமில்லை என்கிறான் மச்சான்.

ஓசைப்படாமல் நடந்த ஒரு நல்ல வேலையையும் சொல்ல வேண்டும். சறுக்குப் பலகையின் அடியில் பூசும் மெழுகில் புளோரின் கலந்திருந்தது. பலகை வேகமாக வழுக்கும். ஆனால் அந்த இரசாயனம் மண்ணிலும் தண்ணீரிலும் அழியாமல் கிடக்கும். சர்வதேச பனிச்சறுக்குச் சம்மேளனம் 2019இல் அதைத் தடைசெய்ய முடிவெடுத்து, 2023-24 பருவத்தில்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பலகையில் அது இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் கருவி சரிவர அத்தனை காலம் எடுத்தது.

என்னிடம் வரிசை கேட்டால் முதலில் ரயில். அடுத்தது மரத்தூள், அதுவும் ஒக்டோபர் ஆசைக்காக அல்ல, பனி பிந்தும் வருடத்துக்குக் கைகாவலாக. பிறகு பிளாஸ்டிக் பாய், நகரத்துக்குள் என்றால் மட்டும். பீரங்கி நாலாவது, கடுங்குளிரில் சுட்டுக் குவியலில் சேர்த்தால் இரண்டாம் இடத்துக்காரனோடு சேர்ந்து நிற்கலாம். டுபாய் மண்டபம் கடைசி.

ஐப்பசி முடிய மச்சான் இன்னொரு வீடியோ அனுப்பினான். இயந்திரக் கை தூளை வழிக்க, உள்ளே வெள்ளை தெரிகிறது. அம்மாவுக்குக் காட்டினேன். பனியை அவர் அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

"அந்த ஈரத் தூளைப் பேந்து என்ன செய்யிறாங்களாம்?"

கேட்டு அனுப்பினேன். காயவிட்டு அடுத்த வருடமும் அதையே போடுவார்களாம்.

"இஞ்ச மில்லுக்குப் பின்னால உமியைக் கும்பி கும்பியாக் கொளுத்துறாங்கள்" என்றார் அம்மா. ஃபோனை என்னிடம் தந்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.