மூடியைக் கழற்றிப் பார்க்காமல் ஃபென்ஸ் வாங்காதீர்கள்

புதுச்சேரி, கடலூர் பக்கம் ட்ராக் சா (ரெயிலில் ஓடும் வட்ட ரம்பம்) வைத்துக் கிச்சன் கபோர்டு, வார்ட்ரோப் வேலை பார்க்கும் பட்டறைக்காரர்களுக்காக எழுதுகிறோம். பெஞ்சுக்கு அலுமினிய ஃபென்ஸ் (வெட்டும்போது பலகையை ஒட்டி நிறுத்தும் நேர்ச் சட்டம்) செய்து தரும் கடை ஒன்றில் ஆர்டர் கொடுத்தோம். சொன்னது ஒன்று, வந்தது ஒன்று. கடையின் பெயர் இங்கே வேண்டாம். எதில் ஏமாற்றினார்கள், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தெரிந்தால் போதும்.

ஆர்டர் இதுதான்: 1200 மி.மீ. நீளம், 75×25 செவ்வகக் குழாய், சுவர் 3 மி.மீ. குழாயைப் படுக்கையாக வைத்து மூன்று இடத்தில் எம்8 போல்ட். பெஞ்சு மேல்பலகை 18 மி.மீ. பிளைவுட், அதில் 96 மி.மீ. இடைவெளியில் 20 மி.மீ. டாக் ஹோல் (பலகையை நிறுத்தும் 'டாக்' முளைகளைச் செருகும் ஓட்டை).

வந்த ஃபென்ஸ் பார்க்க அழகாக இருந்தது. பவுடர் கோட்டிங் அடித்து, இரண்டு முனையிலும் கறுப்புப் பிளாஸ்டிக் மூடி. அந்த மூடியைக் கையால் இழுத்தால் வராது, பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்து வெர்னியர் வைத்தால் சுவர் 1.6 மி.மீ. 16 கேஜ். ஜன்னல் ஃப்ரேமுக்கு ஓடுகிற சரக்கு.

மூடியைக் கழற்ற விடமாட்டேன் என்றால் தராசில் வையுங்கள். அலுமினியத்தின் எடை கணக்குப் போட எளிது: குறுக்குவெட்டுப் பரப்பைச் சதுர மி.மீ. கணக்கில் எடுத்து 0.0027ஆல் பெருக்கினால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 75×25 குழாய், 3 மி.மீ. சுவர் என்றால் பரப்பு 564, மீட்டருக்கு 1.52 கிலோ, 1200 மி.மீ.க்கு 1.83 கிலோ. அதே குழாய் 16 கேஜில் ஒரு கிலோதான். எங்களுக்கு வந்தது மூடி இல்லாமல் 1 கிலோ 20 கிராம். காய்கறிக் கடைத் தராசே காட்டிக் கொடுத்துவிடும்.

ஆனால் பெரிய கேடு சுவரில் இல்லை. குழாயை நிமிர்த்தி வைத்து, 75 மி.மீ. உயரம் தெரிகிற மாதிரி மாட்டியிருந்தார்கள். உயரமாக இருந்தால் "ஸ்ட்ராங்கா தெரியும்" என்பது கடைக்காரர் வாதம். பலகையை ஃபென்ஸில் தள்ளும்போது விசை கிடைமட்டமாக வருகிறது. அந்தத் திசையில் 25 மி.மீ. தடிமன்தான் எதிர்த்து நிற்கிறது. இதே குழாயைப் படுக்க வைத்தால் 75 மி.மீ. எதிர்த்து நிற்கும், விறைப்பு ஏறக்குறைய ஆறு மடங்கு கூடும். ஒரு ரூபாய் செலவில்லாமல் கிடைக்கிற ஆறு மடங்கு அது.

மூன்று போல்ட் கேட்டதற்கு வந்தது இரண்டு எல் பிராக்கெட். அதுவும் பிளைவுட்டில் செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூ. ஒன்று இடது முனையிலிருந்து 150ஆம் மி.மீ.யில், இன்னொன்று 750இல். வெட்டு விழுகிற வலது பக்கம் 450 மி.மீ. அந்தரத்தில் தொங்கியது. 10 கிலோ விசைக்கு அந்த முனை கணக்குப்படி 1.2 மி.மீ. பின்னால் போகும். பிராக்கெட் வளைவதும் ஸ்க்ரூ ஆடுவதும் இதில் சேர்த்தி இல்லை.

இதைக் கடையில் வைத்து மூலைமட்டத்தால் சோதித்தால் தப்பே தெரியாது. யாரும் தள்ளாதபோது ஃபென்ஸ் நேராகத்தான் நிற்கும். பலகையை அழுத்தி வெட்டும்போது விலகும், கையை எடுத்ததும் பழைய இடத்துக்கு வந்துவிடும். வெட்டிய பலகை மட்டும் கோணலாக இருக்கும். நாமோ ட்ராக்கைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்போம். அதனால் விசை கொடுத்துத்தான் சோதிக்க வேண்டும். பயணப் பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசை ஃபென்ஸின் வலது முனையில் மாட்டி, தள்ளும் திசையில் 10 கிலோ காட்டும்வரை இழுங்கள். ஃபென்ஸுக்குப் பின்னால் பெஞ்சில் ஒரு கட்டையைக் கிளாம்ப் போட்டு, 0.2 மி.மீ. ஃபீலர் இதழ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழையும் அளவு இடைவெளி விட்டிருந்தால் போதும். இழுக்கும்போது இதழ் மாட்டிக்கொண்டால் அந்த ஃபென்ஸ் வேண்டாம்.

நேராக இருக்கிறதா என்று பார்க்க ஸ்ட்ரெய்ட் எட்ஜ் இல்லாவிட்டாலும் கவலை இல்லை. கடலூர் முதுநகரில் எந்த வலைக்கடையிலும் தூண்டில் நரம்பு கிடைக்கும். ஃபென்ஸின் முகத்தில் இரண்டு முனையிலும் ஒரே மாதிரி ஒரு ரூபாய்க் காசு ஒவ்வொன்றை ஒட்டி, அதன்மேல் நரம்பை இழுத்துக் கட்டுங்கள். மூன்றாவது காசை நடுவில் நகர்த்திக்கொண்டே போனால் நரம்பைத் தொட்டும் தொடாமலும் போக வேண்டும். காசு நரம்பைத் தள்ளினால் அங்கே புடைப்பு, இடைவெளி தெரிந்தால் பள்ளம்.

டாக் ஹோலிலும் கோளாறு. கையால் பிடித்த டிரில்லில் ஸ்பேட் பிட் போட்டிருக்கிறார்கள், ஓட்டை 20.4 வரை போயிருக்கிறது. 19.9 டாக் போட்டால் அரை மி.மீ. ஆட்டம். இரண்டு டாக்கையும் 192 மி.மீ. தள்ளி வைத்து ஃபென்ஸைச் சாய்த்தால், 600 மி.மீ. பலகையில் ஒன்றரை மி.மீ. பிசகும். 960 மி.மீ. தள்ளி வைத்தால் அதே ஆட்டம் சுமார் 0.3 மி.மீ.யில் அடங்கும். ஓட்டை மோசமாக இருந்தால் டாக்குகளை முடிந்தவரை தூரத்தூர வையுங்கள், அல்லது ஃபென்ஸை டாக்கில் நம்பாமல் போல்டில் நிறுத்துங்கள்.

வெட்டு கோணலாவதைப் பற்றிக் கடைக்காரரிடம் போனில் கேட்டபோது வந்த பதில்: "ஒரு நூல் கூட வராதுங்க, எட்ஜ் பேண்ட் ஒட்டினா மறைஞ்சிடும்." ஒரு நூல் என்றால் 3 மி.மீ., எட்ஜ் பேண்ட் என்றால் பலகை விளிம்பில் ஒட்டும் பட்டை. 2100 உயர வார்ட்ரோப் கதவில் அந்தப் பிசகு கீல் பக்கம் வந்து நிற்கும்போது எந்த எட்ஜ் பேண்டும் மறைக்காது.

சரி, வந்த குழாயை வைத்தே சரிசெய்த விதம். குழாயைப் படுக்கப் போட்டு, 60, 600, 1100 ஆகிய இடங்களில் 8 மி.மீ. ஓட்டை. 1.6 சுவரில் போல்டை இறுக்கினால் குழாய் நசுங்கி முன்முகம் புடைத்துவிடும். அதனால் ஒவ்வொரு போல்ட் இடத்திலும் உள்ளே 120 மி.மீ. நீளத் தேக்குக் கட்டை: உள்ளளவு 71.8×21.8, கட்டையை 71.5×21.5க்கு இழைத்து, அரால்டைட் தடவித் தள்ள வேண்டும். பசை காய ஒரு ராத்திரி விடுங்கள். பெஞ்சில் 60ஆவது இடத்துக்கு நேரே 8 மி.மீ. ஓட்டை, அதுதான் சுழல்முனை. மற்ற இரண்டுக்கும் பெஞ்சில் 12 மி.மீ. ஓட்டை போட்டால் முன்னும் பின்னும் 2 மி.மீ. நகர்த்த இடம் கிடைக்கும். கீழே 30 மி.மீ. அகல வாஷர், நைலாக் நட். இப்போது அந்தரம் 100 மி.மீ.தான், அதே 10 கிலோவுக்கு வலது முனை 0.01 கூட நகராது, போல்டுகளுக்கு நடுவே 0.02 வரும். உண்மையைச் சொன்னால் 16 கேஜே போதுமானதாக இருந்தது. காசு வாங்கியது 3 மி.மீ.க்கு என்பதுதான் வயிற்றெரிச்சல். ஸ்டாப்பருக்கு எம்6 மரை மட்டும் இந்தச் சுவரில் நிற்காது, ஒன்றரைப் புரிதான் பிடிக்கும். ரிவெட் நட் (மெல்லிய தகட்டில் பிடிக்கும் மரைக் குழல்) போட்டுக்கொள்ளுங்கள்.

போல்ட் எல்லாம் 304 ஸ்டீல் வாங்கி, அலுமினியத்தைத் தொடும் இடத்தில் நைலான் வாஷரும் கொஞ்சம் கிரீஸும் வையுங்கள். ஜிங்க் பூசிய சாதாரண போல்ட் நம் கடற்காற்றில் ஒரு ஐப்பசி கார்த்திகை தாண்டாது. பிளைவுட் ஓட்டைகளின் உள்விளிம்பிலும் வார்னிஷ் தடவ மறக்காதீர்கள்.

இன்னொரு சிக்கல் உயரம். படுத்த குழாய் 25, பலகை 18. கைடு ரெயில் (சா ஓடும் ட்ராக்) ஃபென்ஸின் மேல் ஏறினால் பலகையைத் தொடாது; 7 மி.மீ. அந்தரத்தில் நிற்கும், ரப்பர் விளிம்பு பலகையில் படாது, மைக்கா சிதறும். ஃபென்ஸை ரெயிலின் இடது ஓரத்துக்கு 10 மி.மீ. முன்பே முடித்து, ரெயிலுக்கு அடியில் 16 மி.மீ. உயரத்துக்குக் குறைத்த டாக் ஒன்றை வையுங்கள். அதன் முகமும் ஃபென்ஸ் முகமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும்.

மூலை பார்ப்பதற்கு முன் சாவின் அடித்தட்டு ரெயிலில் ஆடுகிறதா என்று பார்த்து அதன் திருகைச் சரிசெய்யுங்கள். அது ஆடினால் ஃபென்ஸை எத்தனை முறை திருப்பியும் பயனில்லை. பிறகு 600, 800, 1000 மி.மீ. முக்கோணக் கணக்கில் தோராயமாக மூலை நிறுத்திவிட்டு ஐந்து வெட்டுச் சோதனைக்குப் போங்கள். 600 மி.மீ. சதுர எம்டிஎஃப் துண்டு. ஒரு பக்கம் வெட்டி, வெட்டிய பக்கத்தை ஃபென்ஸுக்குத் திருப்பி அடுத்த பக்கம், இப்படி நான்கு. ஐந்தாவதாக முதல் பக்கத்திலேயே 25 மி.மீ. பட்டை. பட்டையின் இரு முனை அகலத்தையும் வெர்னியரில் எடுங்கள். முதல் தடவை எங்களுக்கு 25.62, 24.86. வித்தியாசம் 0.76; பிழை நான்கு முறை சேர்ந்திருப்பதால் நான்கால் வகுத்தால் 600 மி.மீ.க்கு 0.19. சுழல்முனையிலிருந்து 800 மி.மீ. தள்ளி அந்தத் திருத்தம் 0.25 ஆகிறது. அந்த இடத்தில் ஃபென்ஸுக்கும் பின்கட்டைக்கும் நடுவே 0.25 இதழை வைத்துக் கட்டையைக் கிளாம்ப் போட்டு, இதழை உருவி, ஃபென்ஸைக் கட்டையோடு ஒட்டித் தள்ளி இறுக்குங்கள். அடுத்த பட்டையில் வித்தியாசம் கூடினால் திசை தப்பு. எதிர்ப்பக்கம் இரண்டு பங்கு நகர்த்துங்கள். இரண்டாம் சுற்றில் வித்தியாசம் 0.08. கிச்சன் வேலைக்கு அதற்கு மேல் துரத்த வேண்டியதில்லை.

பணம்: பாதி முன்பணம் போயிற்று, மீதியை நிறுத்திவைத்திருக்கிறோம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். எங்கள் பிடி தளர்ந்தது ஓரிடத்தில்தான்: பில்லில் "அலுமினியம் ஃபென்ஸ் – 1" என்று மட்டும் இருந்தது. முன்பணம் கொடுப்பதற்கு முன் கடை லெட்டர்பேடில் இப்படி எழுதி வாங்குங்கள்: "75×25 அலுமினியக் குழாய், சுவர் 3 மி.மீ., நீளம் 1200, மூடி இல்லாமல் எடை 1.8 கிலோவுக்குக் குறையாது, படுக்கையாக மூன்று எம்8 போல்டில் பொருத்தப்படும், முனை மூடிகள் ஒட்டப்படாமல் தனியே தரப்படும்."