ஒரு டாலர் நன்கொடைகள் வரிசையாக வந்தால் உடனே கட்டண வழியை மூடுங்கள்

அமெரிக்காவில் தன்னார்வலர்கள் நடத்தும் தமிழ்ப் பள்ளிகள், சங்கங்கள், கோயில்களின் பொருளாளர்கள் இதைத் தயவுசெய்து படியுங்கள். திருடிய அல்லது ஊகித்து உருவாக்கிய கார்டு எண்களில் எவை செல்லுபடியாகின்றன என்று சோதித்துப் பார்க்க, எங்கள் தமிழ்ப் பள்ளியின் நன்கொடைப் பக்கத்தை ஒரு கும்பல் இரவு முழுவதும் பயன்படுத்திக்கொண்டது.

காலையில் கணக்கைத் திறந்தால், ஒரு டாலரும் இரண்டு டாலருமாக நன்கொடைகள். அவற்றைவிடப் பல மடங்கு மறுக்கப்பட்ட முயற்சிகள். பெயருக்கான இடத்தில் பொருளற்ற எழுத்துகள். கார்டுகளில் பெரும்பாலானவை ஒரே வங்கியுடையவை. கார்டு எண்ணின் முதல் ஆறு அல்லது எட்டு இலக்கங்கள் வங்கியைக் குறிக்கும்; கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படுவது. நடுவில் உள்ளவற்றை மாற்றி மாற்றி எண்களை உருவாக்க ஒரு நிரல் போதும். இங்கே தேறிய கார்டைக் கொண்டு வேறு கடையில் விலையுயர்ந்த பொருளை வாங்கிவிடுவார்கள்.

நம்மைப் போன்ற சிறிய அமைப்புகளை யார் சீண்டப்போகிறார்கள் என்று எண்ணாதீர்கள். நன்கொடைப் பக்கத்தில் எந்தத் தொகையும் போடலாம். பொருள் அனுப்ப முகவரி தேவையில்லை. இரவில் கவனிக்க ஆளும் இல்லை. இந்தியாவில் இணையத்தில் கார்டில் பணம் கட்ட இரண்டாவது சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி 2009 இலேயே கட்டாயமாக்கிவிட்டது. ஓடிபி இல்லாமல் பணம் நகராது என்பது அங்கே பழகிய நமக்கு ஊறிப்போன நம்பிக்கை. அமெரிக்காவில் அப்படிக் கட்டாயம் கிடையாது.

எங்கள் குழுவிலேயே ஒருவர், "வந்த பணம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்றார். கூடவே கூடாது. அது முகம் தெரியாத ஒருவரிடமிருந்து திருடிய பணம். கணக்குப் பார்த்தாலும் நட்டம்தான். ஒவ்வொரு நன்கொடையிலும் கட்டணச் சேவை நிறுவனம் எங்களிடம் பிடிக்கும் கட்டணம் 2.9 சதவீதமும் 30 சென்ட்டும். ஒரு டாலரைத் திருப்பி அனுப்பினாலும் அந்தக் கட்டணம் திரும்பாது; ஏறக்குறைய 33 சென்ட் கையைவிட்டுப் போகும். அனுப்பாமல் விட்டு, கார்டுக்காரர் தன் வங்கியில் புகார் செய்தால், அந்த டாலரோடு, புகாரின் பேரில் பணத்தைத் திரும்ப எடுப்பதற்கான 15 டாலர் சார்ஜ்பேக் கட்டணமும் நம் தலையில் விழும். சந்தேகத்துக்குரிய ஒவ்வொன்றையும் அன்றே திருப்பி அனுப்புங்கள்.

கட்டணச் சேவை நிறுவனம் நடந்துகொண்ட விதத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரு சின்னப் பள்ளியின் கணக்கில் ஒரே இரவில் இத்தனை கார்டுகள் மறுக்கப்படுவது அவர்கள் கண்முன்னே நடந்தது. அவர்கள் நிறுத்தவில்லை. அவசரமாக எழுதியதற்கு, பாதுகாப்பு அமைப்புகளைச் சரிபாருங்கள் என்ற ஆயத்தப் பதில் வந்தது. பிறகு எங்கள் கணக்கையே அபாயமானது என்று முடக்கினார்கள். ஆண்டு விழாவுக்குப் பெற்றோர் கட்டிய பணமும் அதில் மாட்டிக்கொண்டது. பிடித்த கட்டணத்தை மட்டும் திருப்பித் தரவே இல்லை.

பக்கத்தை மறைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த நிரல் பக்கத்தைத் திறப்பதே இல்லை. பின்னாலுள்ள கட்டண இணைப்புக்கு நேரடியாக எண்களை அனுப்புகிறது. நாங்கள் பக்கத்தை நீக்கிய பின்பும் முயற்சிகள் வந்துகொண்டிருந்தன. இணையதளத்தில் பணம் வாங்க உதவும் கட்டணச் செருகுநிரலை முடக்கி, அதைக் கட்டணச் சேவையோடு இணைக்கும் ரகசியச் சாவிகளை (கடவுச்சொல் போன்றவை) மாற்றியதும்தான் ஓய்ந்தன. தானாகப் போகும் நன்றி மடல்களையும் உடனே நிறுத்துங்கள். யாரென்றே தெரியாதவர்களுக்கு அவை போய்ச் சேர்ந்து, நம் முகவரியிலிருந்து வருவன எல்லாமே குப்பை அஞ்சலாகக் கருதப்படத் தொடங்கும்.

இப்போது பத்து டாலருக்குக் குறைவாக நாங்கள் வாங்குவதில்லை. வருவது மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்ட்சா வைத்திருக்கிறோம். கார்டில் அச்சிட்ட பாதுகாப்பு எண்ணான சிவிவியும் அஞ்சல் குறியீடும் பொருந்தாவிட்டால் பணம் ஏற்கப்படாது. இணையத்தில் கணினியை அடையாளம் காட்டும் ஐபி முகவரியை மட்டும் நம்பித் தடுப்பது பயனில்லை, அதை நொடிக்கொன்றாக மாற்றுகிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை முயற்சிகள்தான் என்று மொத்தத்துக்கே வரம்பு வையுங்கள். மீறினால் இருவருடைய கைபேசிக்காவது எச்சரிக்கை போகட்டும்.

தாக்குதல் நின்ற பிறகும் புகார்கள் வரும். கார்டுக்காரர் பொதுவாக 120 நாள் வரை புகார் செய்யலாம். அதுவரை கட்டணக் கணக்கில் கொஞ்சம் இருப்பு வைத்திருங்கள். திருப்பி அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் உரிய பதிவைப் பத்திரப்படுத்துங்கள். புகார் வரும்போது வங்கிக்குக் காட்ட அதுதான் தேவைப்படும்.