ஸ்பைடர்மேன் 1/4 சிலை: முகம் அருமை, இடுப்பில் கோளாறு

மதுரையில் பல் லேப் வைத்திருக்கிறேன். 22 வருஷமாக அச்சு எடுப்பது, மெழுகில் செதுக்குவது, பல்லுக்கு மேல் மாட்டும் கேப் செய்து டாக்டருக்கு அனுப்புவது, இதுதான் பிழைப்பு. கேப் எவ்வளவு பளபளக்கிறது என்று நோயாளிதான் பார்ப்பார். நாங்கள் பார்ப்பது, அது பல்லோடு போய்ச் சேருகிற விளிம்பை. அங்கே ஒரு முடி நுழைந்தால் வேலை திரும்பி வந்துவிடும். இந்தப் புத்தி சிலை வாங்கும்போதும் விடமாட்டேன் என்கிறது.

வாங்கியது 1/4 அளவு, அதாவது ஆளின் உயரத்தில் கால் பங்கு ஸ்பைடர்மேன் சிலை. விலை 58,000 ரூபாய். வெளிநாட்டிலிருந்து தருவித்துக் கொடுக்கும் ஒருவரிடம் பத்து மாதம் முன்பே முன்பணம் கட்டி வைத்தது. செய்த கம்பெனி, விற்றவர் இரண்டு பெயரையும் எழுதவில்லை, பஞ்சாயத்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதில் சிலைக்கு எவ்வளவு, வரிக்கு எவ்வளவு என்று என் மனைவி கேட்டாள். பொம்மைக்கான சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனதையும், 2023-ல் 70 ஆனதையும் சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

பெட்டி பிரமாதம். பெட்டிக்குள் பெட்டி, நடுவே ஒவ்வொரு பாகத்துக்கும் தனிக்குழி வெட்டிய தெர்மாகோல். பிரிப்பதை இடையில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுக்கச் சொல்லியிருந்தார்கள். எடுத்தது நல்லதாகப் போயிற்று.

பொருள் பாலிஸ்டோன், அதாவது ரெசினில் கல்மாவு கலந்தது. கையில் எடுத்ததும் சில்லென்று இருக்கும், நகத்தால் சுண்டினால் பீங்கான் கோப்பை மாதிரி சத்தம் வரும். பிவிசி பிளாஸ்டிக் என்றால் மந்தமாக 'டப்' என்று கேட்கும். கீழே விட்டால் இதுவும் பீங்கான் போலவேதான் போகும். சிலிக்கோன் அச்சில் ஊற்றி எடுப்பதால், இதில் என்னென்ன தப்பு வரும் என்பது எனக்குப் பழக்கமான விஷயம். காற்றுக் குமிழ் எப்போதும் ஒதுங்குவது ஒடுங்கிய முனைகளில். அதனால் முதலில் விரல் நுனிகளை லூப் (கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடி) வைத்துப் பார்த்தேன். வலை வீசும் கையில் நடு இரண்டு விரலும் மடங்கி, சுண்டுவிரல் தனியாக நீட்டிக்கொண்டிருக்கிறது. குமிழ் மாட்ட அதைவிட வசதியான இடம் கிடையாது. ஆனால் சுத்தமாக இருந்தது. அங்கே உழைத்த ஆள் யாரோ, கெட்டிக்காரர்.

அடுத்தது அச்சுக்கோடு. அச்சின் இரண்டு பாதி சேரும் இடத்தில் விழுகிற மெல்லிய வரப்பு அது. நேர் வெளிச்சத்தில் தெரியாது. அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சிலையை ஒட்டிப் படுக்கவைத்த மாதிரி பிடித்தால் உண்மையைச் சொல்லிவிடும். கெண்டைக்காலின் பின்பக்கம் தெரிந்தது. தேய்த்திருக்கிறார்கள், சரி. ஆனால் தேய்த்த இடத்தில் பூட்ஸின் வலைக்கோடும் கூடவே போய்விட்டது. யாரோ தூரிகையில் மேலே கறுப்புக் கோடு இழுத்து ஒப்பேற்றியிருக்கிறார்கள்.

ஸ்பைடர்மேன் சிலையின் உயிரே உடையில் ஓடும் அந்த வலைக்கோட்டில்தான். 1962-ல் காமிக்ஸ் ஓவியர் ஸ்டீவ் டிட்கோ வரைந்தபோதே கோடுகள் இரண்டு கண்ணுக்கும் நடுவில் ஒரு புள்ளியில் தொடங்கி முகம் முழுக்கப் பரவும். அந்தப் புள்ளி ஒரு நூல் தள்ளிப்போனாலும் ஆளுக்கு மாறுகண் வந்துவிடும். இந்தச் சிலையில் கோட்டைச் செதுக்கி, பள்ளத்தில் கறுப்பை இறக்கி, மேலே துடைத்திருக்கிறார்கள். வெறுமனே மேலே வரைந்துவிடுவதைவிட இது பல மடங்கு வேலை. முகத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. மாற்றிக்கொள்ள இரண்டு தலை, உள்ளே காந்தம். ஒன்று டிட்கோ பாணிக் கண். இன்னொன்று, 1988-ல் டாட் மெக்ஃபார்லேன் வரையத் தொடங்கியபோது முகத்தில் பாதியைப் பிடித்துக்கொண்ட அந்தப் பெரிய கண். எனக்கு இரண்டாவதுதான். நீலத்திலும் தட்டையான பெயின்ட் அடிக்காமல், தசையின் பள்ளங்களில், காற்றால் பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷால் கறுப்பை மங்கலாக இறக்கியிருக்கிறார்கள். பழைய காமிக்ஸ் இதழ்களில் நீலத்தைவிடக் கறுப்பு மை அதிகம் விழுந்திருக்கும். அதைப் பார்த்தவர் செய்த வேலை இது.

ஆள் நிற்கும் செங்கல் சுவர் பேஸ் ஆளைவிட நன்றாக இருக்கிறது. அதைப் பற்றி வேறொன்றும் இல்லை.

இப்போது இடுப்புக்கு வருவோம். உடம்பு மேல் பாதி, கீழ் பாதி என இரண்டு துண்டு. சதுரக் கட்டையைக் குழியில் செருகிச் சேர்க்க வேண்டும். சேர்த்து லேப் மேசையில் வைத்துவிட்டு நான் தள்ளி நின்று ரசித்துக்கொண்டிருந்தேன். உதவிக்கு இருக்கும் பையன் கிட்டே போய்க் குனிந்தான்.

"அண்ணே, இங்க கோடு சேரல."

நெஞ்சிலிருந்து இறங்கும் சிவப்புப் பட்டையின் கோடுகள் பெல்ட்டில் இருக்கும் கோடுகளைச் சந்திக்க வேண்டும். 2 மில்லிமீட்டர் இடப்பக்கம் தள்ளி நிற்கின்றன. இடுக்கில் ஒரு விசிட்டிங் கார்டை விட்டுப் பார்த்தேன். வலப்பக்கம் உள்ளே போகிறது, இடப்பக்கம் சாதாரணக் காகிதம்கூடப் போகவில்லை. கட்டை கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். ரெசின் இறுகும்போது சுருங்கியிருக்கலாம், குழிக்குள் பெயின்ட் தடித்திருக்கலாம். குழியைச் சுரண்டினால் கொஞ்சம் சரியாகும் என்று கை பரபரத்தது. சுரண்டிவிட்டுப் புகார் சொன்னால் எவன் கேட்பான்? கையைக் கட்டிக்கொண்டு வீடியோவை அனுப்பினேன்.

"இந்த அளவு சிலையில் இதெல்லாம் சகஜம் சார்" என்று பதில் வந்தது. ஸ்பைடர்மேன் உயரம் 178 செ.மீ. என்று கணக்கு, கால் பங்கு 44.5. அப்படியானால் 2 மி.மீ. என்பது ஆளின் உடம்பில் 8 மி.மீ. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு சண்டைக்குப் போகிறவன் மாதிரி இருக்கிறான் சார் என்று எழுதினேன். விளம்பரப் படத்தில் இருப்பது நிபுணர் கையால் வண்ணம் தீட்டிய மாதிரிச் சிலை. 'இறுதி வடிவம் மாறலாம்' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதனால் கடைப் படத்தை நம்பாமல், வாங்கியவர்கள் வீட்டில் எடுத்த படங்களில் மூட்டு தெரியும் படமாகத் தேடுங்கள்.

அடியில் எண் போட்டிருக்கிறது: மொத்தம் செய்த 1,000 சிலைகளில் 212-வது. சின்ன எண்ணுக்குக் கூடுதல் காசு கொடுக்கிறவர்கள் உண்டு, அச்சு புதிதாக இருந்தபோது வார்த்தது என்ற நம்பிக்கையில். சிலிக்கோன் அச்சு ஊற்ற ஊற்றத் தேயும் என்பது உண்மைதான், என் லேபிலேயே பார்க்கிறேன். ஆனால் என் கையில் இருப்பது எந்த அச்சில் எத்தனையாவதாக ஊற்றியது என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. எண்ணுக்காக ஒரு ரூபாய் அதிகம் தரமாட்டேன்.

என் கணக்கில் முகத்துக்குப் பத்துக்குப் பத்து. மொத்தச் சிலைக்கு ஆறரை. 45,000-க்குக் கிடைத்திருந்தால் ஏழரை போட்டிருப்பேன்.

6,000 ரூபாய் திருப்பித் தருகிறோம், இல்லையென்றால் கீழ் பாதி மட்டும் மாற்றித் தருகிறோம், மூன்று மாதம் ஆகும் என்றார்கள். மாற்றச் சொல்லிவிட்டேன். அதுவரை இடுக்கு தெரியாதபடி வலப்பக்கத்தைச் சுவர் பார்க்கத் திருப்பி அலமாரியில் வைத்திருக்கிறேன். பையன் தினமும் தூசி துடைக்கும்போது அவனை நேராகத் திருப்பி வைத்துவிட்டுப் போகிறான்.