பயிற்சிப் புத்தகமா, சொல்வதெழுதலா, சொந்தக் கொப்பியா?

திருகோணமலைக் கோட்டைக்குள் இருக்கும் கோணேசர் கோயிலுக்குப் போய்வந்த இரவு, தரம் 4 படிக்கும் என் மகள் எழுதியது இது: "நானும் தம்பியும் கோயிலுக்கு போனேன் கோட்டைக்குள் மான்கள் நின்றது". புள்ளி ஒன்றுகூட இல்லை. இதைத் திருத்த மூன்று வழிகளைப் பார்த்தோம்.

பயிற்சிப் புத்தகம் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் பெயரால் கடைகளில் குவிந்து கிடக்கிறது. "மாடுகள் மேய்ந்தது / மேய்ந்தன" என்று கேட்டால் சரியானதற்குக் கோடு போட்டுவிடுவாள். ஆனால் கட்டுரையில் மான்கள் மறுபடி "நின்றது" ஆகிவிடும். வீட்டில் ஒரு மானும் "நிக்குது", பத்து மானும் "நிக்குது" தானே! தெரிவு செய்யப் பழக்கும் புத்தகம் வசனம் அமைக்கப் பழக்குவதில்லை. ரியூசனிலும் பெரும்பாலும் இதே தாள்கள்தான்.

சொல்வதெழுதல் இதைவிட மேல், ஆனால் நாங்கள் படித்த விதத்தில் அல்ல. அப்போது ஆசிரியர் "காற்புள்ளி" என்று வாயால் சொல்வார், நாங்கள் போடுவோம், யோசிக்க எதுவுமில்லை. நான் குறியைச் சொல்லாமல் நிறுத்தி மட்டும் வாசிக்கிறேன். காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு என்பது பழைய கணக்கு. அவ்வளவு துல்லியம் எனக்கு வராது, என்றாலும் முற்றுப்புள்ளியில் நன்றாக மூச்சு விடுவேன். "அம்மா, அப்பா வந்திருக்கிறார்" என்பதில் காற்புள்ளியை விட்டால் வந்தது யார் என்றே குழம்பும். "வேலை கொடு" என்றால் தொழில், "வேலைக் கொடு" என்றால் முருகனின் வேல். இந்த 'க்' அவளுக்குக் காதில் விழுந்துதான் பிடிபட்டது. குறை ஒன்றுதான்: வசனம் என்னுடையது.

சொந்தக் கொப்பியில் ஒரு தடவைக்கு ஐந்து வரி. எழுதியதை அவளே சத்தமாக வாசிக்க வேண்டும், நான் வாய் திறக்கக்கூடாது (அதுதான் கஷ்டம்). "நானும் தம்பியும் போனேன்" என்று வாசித்தவள் தானே நின்று "போனோம்" என்று மாற்றினாள். மூச்சு முட்டிய இடத்தில் முற்றுப்புள்ளி வந்தது. ஒருநாளைக்கு ஒருவகைப் பிழை மட்டும் பார்க்கிறோம். எல்லாவற்றையும் சிவப்பால் கீறினால் மறுநாள் இரண்டு வரிதான் வரும். பலன் தெரிய வாரக்கணக்காகும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கவும் வேண்டும். களைத்து வீடு வருகிறவர்களுக்குப் பத்து நிமிடச் சொல்வதெழுதல்தான் சரிப்படும்.

எங்கள் வீட்டில் இப்போது வாரத்தில் நாலு நாள் கொப்பி, இரண்டு நாள் சொல்வதெழுதல். புத்தகம் தவணைப் பரீட்சைக்கு முந்திய வாரம் மட்டும். மான்கள் ஒருவழியாக "நின்றன". "கோயிலுக்குப்" என்பதில் 'ப்' மட்டும் பாதி நாள் காணாமல் போகிறது.